கைசர் ஜஹானின் கடைசித் தட்டு

ராயப்பேட்டையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகிற சந்தில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் கைசர் ஜஹானிடம், "கொழுப்பில்லாத பீஸா பார்த்துப் போடுங்கக்கா" என்று கேட்டு உருப்படியான பதில் வாங்கியவர் ஒருவரும் கிடையாது. "ஆட்டுகிட்ட சொல்லியிருக்கணும் நைனா, இப்ப வந்து சொன்னா நான் இன்னா பண்றது?" என்பார். காரம் குறைவாக வேண்டும் என்பவருக்குத் தயிர்ப் பச்சடியைக் காட்டுவார். தொட்டுக்கொள்ளத் தரும் தால்ச்சாவிலிருந்து கத்திரிக்காயை எடுத்துவிடச் சொன்ன ஒருவரிடம், உங்களுக்குக் கை இருக்கிறதே என்றார். ஃபோனில் யாரோ ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'பிரியாணி பிரமாதம், ஓனருக்குத் திமிர்' என்று எழுதியிருந்ததை மகள் புஷ்ரா வாசித்துக் காட்டினாள். "ரெண்டும் நெசம்தானே" என்றுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

வெறும் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரியாணி வேகும் பெரிய பாத்திரமான தேக்சாவின் மூடியைத் திறந்து தம் உடைத்ததும் ஒரு ஓரத்தில் தட்டைச் செருகி, அடிவரை நேராக இறக்கி, அப்படியே எடுப்பார். மேல் சோறு, நடு மசாலா, அடிக்கறி எல்லாம் அதில் வரும். எது வருகிறதோ அதுதான் உங்களுக்கு. கடை ஆரம்பித்த புதிதில் அவரும் கேட்டவர்க்கெல்லாம் கிளறிக் கிளறிக் கறி பொறுக்கிக் கொடுத்தவர்தான். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு மிஞ்சியது உடைந்த சோறு மட்டும். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால் மறந்து போயிருக்கும். அன்றோடு பொறுக்கிக் கொடுப்பதை நிறுத்தினார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை சோதனை வந்தது. நந்தனம் காலேஜில் கூடப் படித்த ஜைதை புஷ்ராவுக்குப் பிடித்திருந்தது. பையனின் அம்மா சகினா திருவல்லிக்கேணிக்காரர், எதிலும் குறை சொல்கிறவர் என்று கேள்வி. வீட்டுக்கு வருவதற்கு முன் கடையைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லியனுப்பியிருந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் பார்த்து எடுத்து வை. பொண்ணு வாழ்க்கை" என்றார் கணவர் ஷஃபியுல்லா. புஷ்ரா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைசர் ஜஹான் அவள் பக்கம் திரும்பாமல் தட்டுகளைத் துடைத்து அடுக்கினார்.

ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் வடியும் நேரத்தில் சகினா மகனோடு வந்து உட்கார்ந்தார். தேக்சாவில் ஆறேழு தட்டுதான் பாக்கி. "ஜைதுக்கு நல்லி எலும்புன்னா உயிரு. அடியில இருக்கும், பார்த்து எடுங்க ஆபா" என்றார் சகினா, மிகச் சாதாரணமாக.

ஷஃபியுல்லா தலையைக் குனிந்துகொண்டார். கைசர் ஜஹானின் கை தட்டோடு ஒரு நிமிடம் நின்றது. வரிசையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"வீட்டுக்கு வாங்க ஆபா, கேட்டதெல்லாம் வைக்கிறேன். இங்க வரிசையில வர்றதுதான்" என்றார்.

சொல்லிவிட்டு, ஓரத்தில் தட்டைச் செருகி, வந்ததை இருவருக்கும் வைத்தார். ஜைத் தனக்கு வந்ததைச் சாப்பிட ஆரம்பித்தான். சகினா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்தார். சம்பந்தம் போயே போச்சு என்று புஷ்ரா உள்ளே போய் அழுதாள். அந்தச் சத்தம் கேட்டும் கைசர் ஜஹான் வரிசையை விட்டு நகரவில்லை.

நாலு பேரும் வாங்கிப் போனபின், தேக்சாவின் அடியை வழித்துக் கடைசித் தட்டை எடுத்தார். அது எப்போதும் அவருடையது. விடியற்காலையிலிருந்து நின்ற கால்கள். சகினாவின் எதிரிலேயே வந்து உட்கார்ந்தார். கோபித்துக்கொண்டு போகிறவர் தன் முகத்தைப் பார்த்துவிட்டாவது போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சகினா அந்தத் தட்டைப் பார்த்தார். இரண்டு துண்டு கறி, ஓரத்தில் ஒரு நல்லி.

"கடைசித் தட்டுலயும் கறி வருமா?"

"கிளறாம எடுத்தா வரும் ஆபா."

சகினா கட்டியிருந்த கைகளை இறக்கினார். பிறகு, "மருமகளா வந்து இருபத்தேழு வருஷம் ஆச்சு" என்றார். "மாமனார், மச்சினருங்க, புள்ளைங்க, அப்புறம்தான் நான். நல்லதையெல்லாம் நானே பொறுக்கி அவங்களுக்கு வச்சுடுவேன். எனக்கு வெறும் எலும்பும் சோறும்தான். யாரும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல."

ஜைத் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

சகினா தள்ளி வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிரியாணி ஆறிப் போயிருந்தது. அதையே மெதுவாகச் சாப்பிட்டார். ஒரு குறையும் சொல்லவில்லை.

கை கழுவி வந்ததும், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றோம், தேதி குறிச்சிடலாம்" என்றார். உள்ளே புஷ்ராவின் அழுகை சட்டென்று நின்றது. "நல்லியெல்லாம் கேக்க மாட்டேன், பயப்படாதீங்க."

"கேளுங்க ஆபா" என்றார் கைசர் ஜஹான். "எங்க வீட்டுல மொத தட்டு உங்களுக்குத்தான்."

சகினா துப்பட்டாவின் நுனியால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.