அடுப்பில் போடாத பக்கம்

கட்சிக்கு ஐம்பது வயதாகிறது, வரலாறு எழுதுவோம் என்று தீர்மானம் போட்ட பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது, கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்று. தடை இருந்த பதினோரு வருடமும் கூட்டம் முடிந்த கையோடு குறிப்புகளை எரித்துவிட வேண்டும் என்பது கட்டளை. புரட்சி பண்ண வந்தவர்கள் வேறு எதை ஒழுங்காகச் செய்தார்களோ இல்லையோ, இதை மட்டும் அப்பழுக்கில்லாமல் செய்திருந்தார்கள். எரித்த ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கட்சிப் பெயர் அடுப்பு. பேக்கரியில் விறகடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பகலில் எந்த வீட்டில் புகை வந்தாலும் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும், பேக்கரியில் புகை வராவிட்டால்தான் எட்டிப் பார்க்கும் என்பதால் கட்சி அவரைப் பிடித்துப்போட்டது. காகிதங்கள் மாவு மூட்டைக்கு அடியில் வரும், முதல் விறகோடு உள்ளே போகும். "இந்த ஊர் தின்ன ரொட்டியில பாதி நம்ம தீர்மானத்துல வெந்தது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இதே ஜோக்கை முப்பது வருடமாகச் சொல்லியும் அவருக்கு அலுக்கவில்லை. கேட்பவர்களுக்குத்தான் அலுத்துவிட்டது.

வரலாறு எழுதும் பொறுப்பு வாத்தியாருக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர். வேறு வழியில்லாமல் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போய், போலீஸ்காரர்கள் எழுதி வைத்த கோப்புகளைப் புரட்டினார். "நம்ம கூட்டத்துல நாம என்ன பேசினோம்னு போலீஸ்காரன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு தோழர்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்படியே ஒரு கைப்பிரதியும் தயார் பண்ணிவிட்டார்.

கிளைக் கூட்டத்தில் அதைப் படிக்கப் படிக்க எல்லோரும் தலையாட்டினார்கள். எட்டாவது அத்தியாயத்தில் ஒரு வரி வந்தது. "குழுவில் இருந்த ஊசி என்பவரின் காட்டிக்கொடுப்பால் ஐவர் கைதாயினர்."

அடுப்பின் தலையாட்டல் நின்றது. ஊசி அவருடைய கூடப்பிறந்த அக்கா.

அக்காவுக்குத் தையல் வேலை. கட்சிக் கடிதங்களைக் காலர் மடிப்பில் வைத்துத் தைத்து ஊர் ஊராக அனுப்பியவள். கட்சிக்குத் தம்பியை அழைத்துவந்தவளே அவள்தான். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஏழு பேர் கொண்ட குழு, அச்சாபீஸ்காரர் வீட்டு மாடியில் கூடியது. தெருமுனையில் இரண்டு நாளாக ஒரே ஆட்கள் நிற்கிறார்கள், இடத்தை மாற்றுங்கள் என்று அக்கா சொன்னாள். "எதுக்கெடுத்தாலும் பயந்தா எப்படித் தோழர்?" என்று ஒருவர் கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது. அக்காவும் அச்சாபீஸ்காரரும் ஒரு பக்கம், மற்ற ஐந்து பேர் எதிர்ப்பக்கம். அந்த ஐந்தில் அடுப்பும் ஒருவர். அக்கா சொன்னதற்கெல்லாம் தம்பி கை தூக்குகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு. இருபத்தேழு வயது வீம்பு, வேறென்ன!

இரண்டு நாளில் போலீஸ் வந்தது. மாடியில் இருந்த ஐந்து பேரும் உள்ளே போனார்கள். அடுப்பு பேக்கரியில் இருந்ததால் தப்பினார். அக்கா வீட்டையும் சோதனை போட்டு, அவளைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பிக்கொண்டு போய், விசாரித்து, மறுநாளே விட்டுவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. "ஒரே நாள்ல விட்டுட்டாங்கன்னா என்ன அர்த்தம்?" என்று வெளியூரிலிருந்து வந்த தலைவர்கள் கேட்டார்கள். நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆளாக அந்த அறையில் அடுப்பு இருந்தார். தன் கையும் தூக்கிய கை என்பதால் வாயைத் திறக்கவில்லை. அக்காவை நீக்கினார்கள். "நீ என்னடா சொன்னே?" என்று அவள் கேட்டபோது, "நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றார். அதைவிடப் பெரிய உண்மையும் இல்லை, அதைவிடப் பெரிய துரோகமும் இல்லை.

பிறகு சிறையிலிருந்து வந்தவர்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூடிய அச்சாபீஸ்காரர் சிறையிலேயே காய்ச்சலில் போய்விட்டார்.

அந்தக் கூட்டத்தின் குறிப்பு மட்டும் அடுப்பில் விழவில்லை. அது மாவு மூட்டையோடு வந்து சேரவே இரண்டு நாளாகிவிட்டது, விறகு பற்றிக்கொண்ட நேரத்தில் மாடியில் சோதனை என்ற செய்தி வந்தது. காகிதத்தைப் பார்த்தார், அக்காவின் பெயர் இருந்தது. எரிக்க மனம் வரவில்லை. தன் பெயரும் இருந்தது. காட்டவும் துணிவு வரவில்லை. எரித்தாயிற்று என்று கட்சியிடம் சொல்லிவிட்டு, அக்கா வீட்டுச் சுவரில் இருந்த அப்பா அம்மா படத்துக்குப் பின்னால் வைத்து ஆணி அடித்துவிட்டார். ஒரு தடவை சோதனை போட்ட வீட்டில் இன்னொரு தடவை போட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து அக்காவின் நியாயம் அக்காவின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தம்பி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

கைப்பிரதி அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தது. சொன்னால் கட்சி போகும், அக்காவும் போவாள். சொல்லாவிட்டால் அந்த வரி புத்தகமாகி நிற்கும். மூன்று நாள் ரொட்டி கருகியது. நான்காம் நாள் போனார்.

அக்கா பள்ளிக்கூடச் சீருடைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"எதுக்குடா இப்ப அங்க ஏறுறே? விழுந்து வைக்காதே, என்னால தூக்க முடியாது."

படத்தை இறக்கி, பின்னட்டையைப் பிரித்து, மடித்த காகிதத்தை நீட்டினார். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"எதிர்த்து ஓட்டுப் போட்டது நீயும்தான்னு எனக்கு அப்பவே தெரியும். கண்ணு முன்னாடிதானே கை தூக்கினே. அதை நான் என்னிக்கோ விட்டுட்டேன்." காகிதத்தை உயர்த்திக் காட்டினாள். "ஆனா இது உன் கையில இருந்துச்சாடா? என் பேச்சுக்குச் சாட்சி இல்லைன்னு நான் அலைஞ்சப்போ, இது இங்கயே இருந்துச்சா? ஒரு நாள்கூட சொல்லணும்னு தோணலையா?"

"தினமும் தோணுச்சுக்கா."

"தோணி என்ன பண்றது?"

மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். ஒரு கை முழுதும் தைத்து முடித்தாள். அவர் சுவரில் தெரிந்த வெளுத்த சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள். "போய்ப் படி. எல்லார் முன்னாடியும் படி. உன் பேரை முழுங்காம படி. அதுக்கப்புறம்தான் இந்த வீட்டுல உனக்கு நாற்காலி."

படித்தார். கிளைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், ஒரு பெயரையும் விழுங்காமல்.  வாத்தியார் எழுந்து, எட்டாவது அத்தியாயத்தை எல்லோரும் பார்க்க நடுவில் கிழித்தார். "போலீஸ் கோப்புல 'கிடைத்த தகவலின்பேரில்'னு ஒரு வரி இருந்துச்சு. மிச்சத்தை நானே இட்டுக்கட்டிட்டேன். என் தப்பு" என்றார்.

கிளைச் செயலாளர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர், ஊசி போடுவதுபோலச் சுருக்கமாகப் பேசுபவர். அன்று அவர் இரண்டு தீர்மானம் போட்டார். ஒன்று, எரிக்கச் சொன்ன ஆவணத்தை எரிக்காமல் பொய் சொன்ன தோழருக்கு ஆறு மாதம் இடைநீக்கம். இரண்டு, ஆவணத்தை எரிக்காமல் காப்பாற்றிய அதே தோழருக்கு நன்றி. முதல் தீர்மானத்துக்கு அடுப்பும் கை தூக்கினார்.

"உங்களுக்கு இதுல ஓட்டு இல்ல தோழர், கையை இறக்குங்க" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுப்புக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது.

அக்காவின் நீக்கம் ரத்தானது. அடுத்த கூட்டத்துக்கு அவள் வந்தாள், புதுப் புடவைகூடக் கட்டவில்லை, தோளில் அளவு நாடா தொங்கியது. இடைநீக்கத்தில் இருப்பவர் உள்ளே உட்காரக் கூடாது என்பதால், தம்பி ரொட்டித் தட்டை மட்டும் உள்ளே கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார். முப்பத்தெட்டு வருடமாக அக்கா நின்ற பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

உள்ளே உறுப்பினர் படிவம் நிரப்பும் சத்தம் கேட்டது. செயலாளர் சேர்ந்த தேதியாக அன்றைய தேதியை எழுதியிருக்க வேண்டும்.

"அதை அடிங்க தோழர்" என்றாள் அக்கா. "நான் சேர்ந்த வருஷத்தைப் போடுங்க. நான் எங்கயும் போகல, நீங்கதான் போயிட்டீங்க."

 பிறகு பேனா காகிதத்தில் அழுத்தி அடிக்கும் சத்தம்.

"இன்னொண்ணு. புத்தகத்துல என்னைப் புகழ்ந்தெல்லாம் எழுத வேண்டாம். அந்தப் பக்கத்தை அப்படியே அச்சுல போடுங்க. யார் யார் எந்தப் பக்கம் கை தூக்கினாங்கன்னு, என் தம்பி பேர் உட்பட. அடுத்து வர்றவங்க ஒரு எச்சரிக்கையைக் கேக்கறதுக்கு அது உதவும்."

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்று செயலாளரின் குரல் கேட்டது.

உள்ளே எத்தனை கை எழுந்ததோ, படியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடுப்பு தன் கையைத் தூக்கினார். எண்ணிக்கையில் அது வராது என்று தெரிந்தும், செயலாளர் எண்ணி முடிக்கும்வரை இறக்கவில்லை.