மகாராஜா சமூகத்துக்கு ஒரு மனு

நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு போட்டோஸ்டாட் கடையின் பக்கவாட்டில் மேசை போட்டு முப்பத்திரண்டு வருடம் மனு எழுதியிருக்கிறேன். வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லை தாண்டிச் சாய்ந்த பக்கத்து வீட்டுத் தென்னை, வராத பென்ஷன், எல்லாம் எழுதுவேன். மலையாளத்தில் மனு என்றால் கடைசி வரி இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ‘தாழ்மயாயி அபேக்ஷிக்குந்நு’, அதாவது தாழ்மையோடு வேண்டிக்கொள்கிறேன் என்று முடிய வேண்டும். நான் மட்டும் அந்தத் ‘தாழ்மயாயி’யை எழுத மாட்டேன். அது இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்று பயந்து அடுத்த மேசைக்கு எழுந்து போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தச் சொல் வேண்டாமென்று பின்னால் அரசாங்கமே உத்தரவு போட்டபோது, நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த மேசைக்காரரிடம் காட்டினேன்.

இந்த வீம்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ராஜா ஆண்ட காலத்தில் இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் மேலே உள்ளவர் முன்னால் ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘அடியன்’ என்றுதான் சொல்ல வேண்டும். குடியிருக்கும் வீட்டை வீடு என்று சொல்லக் கூடாது, தின்கிற சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரு கீழ்ப்பட்ட சொல் தனியாக இருந்தது. இதை அப்பா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது வயிற்றில் கிடந்து எரிந்துகொண்டே இருக்கிறது. பிறந்த வீட்டின் பெயரால் ஒருவன் பெரியவன் என்று யார் சொன்னாலும் நான் சண்டைக்கு நிற்பேன்.

இப்படிப்பட்ட நான் இங்கிலாந்து ராஜாவுக்கு ஒரு மனு எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், ஆனால் அதில் அந்தத் ‘தாழ்ம’ மூன்று இடத்தில் இருந்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமான மூன்றாம் வருடம் புருஷனோடு இங்கிலாந்துக்குப் போனாள். அங்கே வடக்கே ஒரு சிறிய ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, மருந்து கொடுப்பது. மருமகனுக்கு ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. ஆறு வருடமாகப் பிள்ளை இல்லை. இங்கே இருக்கும்போதே ஒரு பக்கத்துச் சினைப்பையைத் திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். அங்கே போனபிறகு மிச்சமிருந்த ஒன்றிலும் கட்டி வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம், அதன் பிறகு பிள்ளைக்கு முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மாதம் காத்திருந்து செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை கிடைத்தது. என் மனைவி அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுற்றிவைத்தாள். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பாகவும் கொடுத்தாள்.

என் மனைவியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு அந்த அரண்மனைக்காரர்கள் என்றால் உயிர். யாருக்கு யார் மருமகள், எந்த இளவரசன் யாரோடு பிணக்கு, எல்லாம் அத்துப்படி. மகள் ஒரு தடவை ராணியின் முகம் அச்சடித்த துணி ஒன்று அனுப்பினாள். பாத்திரம் துடைக்கிற துணிதான். நான் கை கழுவிவிட்டு அதில் துடைத்தேன் என்பதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் சும்மா இருந்ததில்லை. அந்த நாட்டில் இன்றைக்கும் அப்பன் பிரபு என்பதற்காக மகன் பார்லிமென்டில் போய் உட்காருகிறான், இது என்ன நியாயம் என்று கேட்பேன். அவளுக்குப் பிரபுக்களைப் பற்றி அக்கறை இல்லை. குதிரையும் வண்டியும் தொப்பியும் கண்ணுக்கு அழகாயிருக்கிறது, யாருக்கு நட்டம் என்பாள். யாருக்கு நட்டம் என்று அப்போது என்னாலும் சொல்ல முடியவில்லை.

ஆபரேஷனுக்குப் பத்துப் பதினொரு நாள் இருக்கும்போது ராணி இறந்தார். என் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்து அழுதாள். தொண்ணூற்றாறு வயதில் படுக்கையில் கிடந்து சாவது கொடுத்துவைத்த சாவு, இதற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். அதற்கும் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். அடக்கம் அந்தத் திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது. நாடு முழுக்க விடுமுறை. அவசரமில்லாத ஆபரேஷன் எல்லாம் மாற்றிவைக்கிறார்கள், எனக்கும் செய்தி வந்துவிட்டது என்றாள்.

“அவசரமில்லன்னு ஆரு சொன்னது?” என்று கேட்டேன்.

“அவங்க கணக்குல அவசரம் இல்லப்பா. வேற தேதி தபால்ல வருமாக்கும்.”

இங்கே வந்துவிடு, காரக்கோணம் மிஷன் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எடுத்த லீவை இனி மாற்றித் தர மாட்டார்கள், விசா வேலையோடு கட்டியிருக்கிறது, நினைத்தபடி ஓடிவர முடியாது என்று அவள் பொறுமையாக விளக்கினாள். சின்ன வயதில் நான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குரலில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ராணிக்காக விசேஷ ஜெபம். எங்களுடையது பழைய மிஷன் சபை. அந்தத் தேசத்திலிருந்து வந்தவர்கள் கட்டிய சுவர், அவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடம். ‘நான்’ என்று சொல்லக் கூடாதவனுக்கு ‘நான்’ என்று எழுதச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். உட்கார்ந்திருந்தால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேன், நிற்கவோ மனசு வரவில்லை. பக்கத்தில் என் மனைவி உதடு அசையாமல் நின்றாள். ராணிக்காக ஜெபித்தாளா மகளுக்காக ஜெபித்தாளா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து டிவி ஓடியது. நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் கயிறு கட்டிப் பீரங்கி வண்டியை இழுத்தார்கள். பெட்டியின் மேல் கிரீடம். ஒருவன் கால்கூடப் பிசகவில்லை. உண்மையைச் சொன்னால் என்னாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ராத்திரி, அரண்மனைப் பெரியவர் ஒருவர் கையிலிருந்த மெல்லிய கோலை இரண்டாக உடைத்துப் பெட்டியின்மேல் வைத்தார். அவருடைய சேவகம் முடிந்தது என்று அர்த்தமாம். ஒரு குச்சியை உடைப்பதற்கு இத்தனை ஏற்பாடு. என் பிள்ளையின் வயிற்றைத் திறந்து மூடுவதற்கு அந்த நாட்டில் ஒரு மணி நேரம் இல்லாமல் போனது. எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை, சேனலை மாற்றினேன். என் மனைவி ரிமோட்டைப் பிடுங்கித் திரும்ப அதையே வைத்தாள்.

அன்றைக்கு மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஆபரேஷன் இல்லையென்று ஆனபிறகு வீட்டில் ஏன் இருக்கிறாய் என்று கூப்பிட்டுவிட்டார்களாம். கிழவர்களையெல்லாம் பெரிய டிவி முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு பேர் பிடித்தாலும் எழுந்திருக்காத ஒரு அம்மா, தேசிய கீதத்துக்குத் தானாக எழுந்து நின்றாளாம். சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு கிழவர் மட்டும், இதற்கெல்லாம் நம் கூலியிலிருந்துதான் போகிறது என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னாராம். இவள் அந்த அம்மாவையும் தாங்கிப் பிடித்தாள், கிழவர் நாற்காலியையும் திருப்பிவிட்டாள். உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். அந்த அம்மாவின் கால் நடுங்கியதைப் பார்த்தபோது கோபம் வரவில்லை என்றாள்.

புதுத் தேதி நவம்பர் கடைசியில் என்று தெரிந்த அன்று, என் மனைவி கொஞ்சமும் சிரிக்காமல் ஒரு யோசனை சொன்னாள். புது ராஜாவுக்கு ஒரு மனு எழுத வேண்டும். அவளுடைய குடும்பத்தில் ஒரு கதை உண்டு. மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒருவர் திருவனந்தபுரத்துக்கு நடந்தே போய், ராஜாவின் பல்லக்கு வரும் வழியில் நின்று முகம் காட்டி, பறிபோன நிலத்தைத் திரும்ப வாங்கினார் என்று. ராஜாவிடம் நேரில் சொன்னால் தீரும், இடையில் இருப்பவர்கள்தான் தீர்க்க மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். அந்த ராஜாவால் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலைக்கூட நகர்த்த முடியாது, அவர் சும்மா அலங்காரம் என்று விளக்கினேன்.

“அலங்காரத்துக்கு வேண்டி ஆஸ்பத்திரிய மூடலாம். அலங்காரம் சொன்னா ஆஸ்பத்திரிய தொறக்க மாட்டாங்களா?” என்றாள்.

அவள் விடவில்லை. “நாட்டுக்காரனுக்கெல்லாம் எழுதிக் குடுத்தியளே. எனக்க பிள்ளைக்கு ஒரு கடலாசு எழுத ஒக்காதா?”

எழுதினேன். என் ஆங்கிலம் ஆபீஸ் ஆங்கிலம். ‘மாட்சிமை தங்கிய மகாராஜா அவர்களின் சமூகத்துக்கு’ என்று தொடங்கினேன். துக்க வீட்டுக்கு எழுதும்போது எடுத்த எடுப்பில் நம் காரியத்தைச் சொன்னால் மரியாதை இல்லை. அதனால் தாயாரை இழந்த மகனுக்கு ஆறுதல் சொன்னேன். அந்த அம்மையாரின் எழுபது வருட சேவகத்தைப் புகழ்ந்தேன். அதன்பிறகு நாங்கள் யார், எந்தச் சபை, எங்கள் முன்னோருக்கு அவர்கள் தேசம் செய்த நன்மை என்ன என்று எழுதினேன். அப்புறம் மகளின் விஷயத்துக்கு வந்தேன். அங்கே பேனா நின்றது. வெறுமனே ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதிப் பார்த்தேன், போதாது என்று தோன்றியது. ஒருவேளை ஒரு சொல்லில் காரியம் கெட்டுவிட்டால்? ‘தாழ்ம’யைச் சேர்த்தேன். பிறகு மேலே போய் இன்னும் இரண்டு இடத்தில் சேர்த்தேன். பாறசாலை தபாலாபீசில் ரெஜிஸ்டர் செய்தபோது கவுன்டரில் இருந்த பெண் விலாசத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. மகளுக்கும் நாங்கள் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு மத்தியானம், ஒரு கிழவியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தாள். கட்டி முறுக்கிக்கொண்டது என்று மருமகன் போனில் சொன்னான். உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு யாரும் தேதி கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அந்த ஒன்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. இனி அவளுக்குப் பிள்ளை இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டே எடுக்காதவர்கள். அது தெரிந்தும் என் மனைவி ஒரு பையில் சேலைகளை மடித்துவைத்தாள், மகளுக்குப் பிடித்த பலாச்சக்கை வற்றல் வைத்தாள். அந்தப் பை நாலு நாள் கட்டிலில் இருந்தது. யாருடைய பை என்று தெரியாதவர்கள்போல நாங்கள் அதைச் சுற்றி நடந்தோம்.

திங்கட்கிழமையே செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று டாக்டரிடம் கேட்கும்படி மருமகனிடம் சொன்னேன். சொல்ல முடியாது, அன்றைக்குச் செய்திருந்தாலும் ஏதாவது ஆகியிருக்கலாம் என்றாராம் டாக்டர். நல்ல மனிதர்தான், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். நான் யாரிடம் கோபித்துக்கொள்வது? செத்துப்போன கிழவியிடமா? அம்மாவைப் பறிகொடுத்த மகனிடமா? தேதியை மாற்றிய குமாஸ்தாவிடமா? அவனுக்கும் அன்றைக்கு விடுமுறை. முப்பத்திரண்டு வருடமாக எந்த மனுவிலும் எதிர்க்கட்சி என்று ஒருவன் இருப்பான். இதில் ஒருவரும் இல்லை.

புது வருடம் பிறந்து சில வாரம் கழித்து ஒரு உறை வந்தது. தடித்த காகிதம், மூலையில் கிரீடம். என் மனைவி கையால் கிழிக்காமல் கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினாள். உள்ளே ராணியின் படம் போட்ட ஒரு அட்டை. பின்னால் அச்சடித்த நாலு வரி. தாயாரின் மறைவுக்கு நீங்கள் அனுப்பிய அன்பான ஆறுதல் மொழிகள் மனதைத் தொட்டன, மிக்க நன்றி. அவ்வளவுதான். அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தபோது, என்னிடம் கேட்காமலே என் மனைவி அந்த அட்டையைப் போனுக்கு நேராகப் பிடித்தாள். மனு எழுதியதையும் சொன்னாள். மகள் சத்தம் போட்டு வாசித்தாள். பிறகு ஒரு தடவை தனக்குள் வாசித்தாள்.

“எனக்க காரியம் எழுதல்லியா அப்பா?”

“எழுதினேன் மக்கா.”

“எவிட?”

“மூணாவது பாராவுல.”

“மொத பாரா மட்டும் வாசிச்சிருப்பாங்க,” என்றாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை, சமாதானம்தான் சொன்னாள். வேலைக்கு நேரமாகிறது என்று போனை வைத்தாள்.

முதல் பாரா முழுவதும் நான் அவருடைய அம்மாவுக்காக அழுதிருந்தேன். என் பிள்ளையை மூன்றாவது பாராவில் வைத்திருந்தேன்.