சீமை முயல் என்று சொல்லிக் கொடுத்தவை

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என் முன்னால் யாரும் அதைச் சொல்வதில்லை. பெருநாள் தொழுகை முடிந்து நாலு பேர் கூடி நிற்கும்போது நான் வருவதைக் கண்டால் பேச்சு நிற்கும், ஒரு செருமல் கேட்கும். பெயர் அந்தச் செருமலுக்குள் இருக்கிறது: 'பண்டிக் கிளாக்கர்.' பன்றியை எங்கள் பேச்சில் பண்டி என்போம். புத்தகத்தில் பன்றிப் படம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிற குடும்பத்தில் பிறந்து, ஐந்து வேளையும் தொழுகிற ஒருவனுக்கு இப்படி ஒரு பெயர் சும்மா வந்துவிடாது. அதற்குப் படிப்பு வேண்டும். ஆங்கிலம், தமிழ் இரண்டும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரை நான் செரித்துவிட்டேன். அது வந்த கதையில் ஊர் கண்ட குற்றம் ஒன்று, எனக்கு இன்றும் முகத்தைச் சுடுகிற விஷயம் வேறொன்று.

அப்போது நான் துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளத்தில் களஞ்சியப் பகுதிக் கிளாக்கராக இருந்தேன். உடைந்த கதிரையானாலும் துருப்பிடித்த நங்கூரமானாலும் அதைக் கழிப்பதற்கு ஒரு முறை உண்டு. மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்க்கும். திருத்தலாமா, விற்கலாமா, அழிக்கலாமா என்று தீர்மானிக்கும். நாலாவது வழி கிடையாது. அந்த ஒழுங்குகள் எனக்கு மனப்பாடம். எந்தத் தாளில் யார் கையெழுத்து விழ வேண்டும் என்று மேலதிகாரிகளே என்னிடம் வந்து கேட்பார்கள். நானும் உடனே சொல்லிவிடாமல் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்து சொல்வேன்.

மாற்றலாகிப் போன ஒரு வெள்ளைக்காரர் தன் பிள்ளை வளர்த்த பிராணிகள் இரண்டை ஆப்பிள் பெட்டியில் வைத்து, என் மகளுக்கென்று தந்துவிட்டுப் போனார். ஆண் ஒன்று, பெண் ஒன்று. வாலில்லாத உருண்டை உடம்பு, கபிலமும் வெள்ளையுமான மயிர். அவற்றின் ஆங்கிலப் பெயர் எனக்குத் தெரியும். தமிழ் விஞ்ஞானப் புத்தகத்தில் அதை அப்படியே 'கினிப்பன்றி' என்று பெயர்த்து வைத்திருப்பதும் தெரியும். அந்தச் சொல்லின் பின்பாதி எங்கள் வாசற்படியைத் தாண்டாது என்பதும் தெரியும்.

"இது என்ன சாமான்?" என்றாள் மனைவி.

"சீமை முசல்."

"முசலுக்குக் காது எங்க?"

"சீமையில குளிர். அங்க காது சின்னனாத்தான் இரிக்கும்."

அவள் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோழிக்கூட்டைத் துப்புரவாக்கப் போனாள். நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தப் பிராணி கினி தேசத்திலிருந்து வந்ததுமல்ல, பன்றியுமல்ல. வெள்ளைக்காரன் ஒரு பெயரில் இரண்டு பிழை விட்டிருக்கிறான். அதைத் திருத்துவது மொழி தெரிந்தவனின் கடமை. இவ்வளவு ஒழுங்கான காரணங்களோடு நான் அதற்கு முன் பொய் சொன்னதில்லை.

அவை குட்டி போட்டன. மற்றக் குட்டிகளைப் போலக் கண் மூடிக் கிடப்பதில்லை. மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறந்து, அன்று பின்னேரமே தாயின் பின்னால் ஓடும். புல்லைக் கொண்டுபோகும் காலடி கேட்டால் விசிலடிக்கும். தெருவே வந்து பார்த்தது. முதல் குட்டியை மூலைவீட்டுத் தையல்காரர் கேட்டார், கொடுத்தேன். பிறகு கடைக்காரர் கேட்டார். பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டது.

கேட்டவுடன் கொடுப்பவன் நானல்ல. கதிரையில் உட்கார்த்தி விசாரிப்பேன். கூடு இருக்கிறதா? வெயில் படாத இடமா? பூனை வளர்க்கிறீர்களா? புல் யார் அறுப்பார்கள்? எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவரிடமும், "யோசிச்சுச் சொல்லுறன்" என்பேன். அடுத்த கிழமை நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். கொடுக்கிறேன் என்று சொல்வதில்லை, உங்கள் பொறுப்பில் விடுகிறேன் என்பேன். அனாதைப் பிள்ளைக்கு வீடு தேடிக் கொடுத்தவன் போலத் திரும்பி வருவேன். அந்த அனாதையை உண்டாக்கியவனும் நான்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. கேட்பவர்கள் கூடும்போது, ஈன்ற பெட்டையோடு கடுவனை அன்றைக்கே மறுபடி விட்டுவிடுவேன். என்ன நடக்கும் என்று தெரிந்துதான்.

"இந்தப் பெட்டை வெறும் வயித்தோட இருந்து நான் காணல்ல," என்றாள் மனைவி ஒருநாள்.

"ஆக்கள் கேட்டு வாராங்களே, நான் என்ன செய்ய?"

"கேக்கிறதால குட்டி வருதா, குட்டி இரிக்கிறதால கேக்கிறாங்களா?"

நான் பத்திரிகையை விரித்தேன். அந்தப் பெட்டை பிறகு ஒரு பிரசவத்தில் குட்டி சிக்கிச் செத்தது. அதனுடைய மகளை அந்த இடத்தில் விட்டேன். களஞ்சியத்தில் இதற்கு மாற்றீடு என்று பெயர்.

பிறகு வெள்ளைக்காரர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிற காலம் வந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. என் பக்கத்து மேசையில் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருகிற தமிழ்த் தம்பி ஒருவர் வேலை செய்தார். எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்றோ காக்கா என்றோ கூப்பிடுவது வழக்கம், அவரும் என்னை நானா என்பார். ஒரு புதன்கிழமை அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நானா, தளத்துச் சின்னப் பள்ளிக்கூடத்தில வெள்ளைக்காரப் பிள்ளையள் வளத்ததுகள், உங்கட வீட்டில நிக்கிற சாதிதான், கூட்டோட நிக்குது. ஒருத்தரும் கொண்டு போகேல்லை. வெள்ளிக்கிழமை மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டுக் கொல்லுவாராம்."

"எந்தத் தலைப்பில போட்டிருக்காங்க?" என்று கேட்டேன். எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான்.

"பழுதாகக்கூடிய பொருட்களில. உருளைக்கிழங்குக்கும் பட்டருக்கும் நடுவில."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சொன்னார்: "நீங்கள் சொன்னால் உங்கட ஆக்கள் எடுப்பினம். இந்த விஷயத்தில நீங்கள்தானே பெரிய ஆள்."

போய்ப் பார்த்தோம். எல்லாம் கிழடு. ஒன்றின் காது கிழிந்திருந்தது, ஒன்றின் கண்ணில் பால் படர்ந்திருந்தது. எங்கள் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் எல்லாம் கம்பியருகே வந்து விசிலடித்தன. பிள்ளைகள் வருகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்று பின்னேரமே இரண்டு பேரும் என் தெருவில் வீடு வீடாக ஏறினோம்.

"காக்கா, நீங்க தந்ததே ரெண்டு கிடக்கு," என்றார் கடைக்காரர். "இனியும் வச்சா எங்களத்தான் கூட்டில போடணும்."

அடுத்த வீட்டில், "கிழடா? குட்டி எண்டாத் தாங்க," என்றார்கள். அடுத்த மாதம் தருகிறேன் என்று வாய்வரை வந்தது. தம்பி பக்கத்தில் நின்றதால் விழுங்கினேன்.

எல்லா வீட்டிலும் அதே பதில். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. இந்தக் கிழடுகளுக்குத் திறந்திருக்கக்கூடிய ஒவ்வொரு வீட்டிலும் என்னுடைய ஒன்று ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. நான் வெட்கப்பட ஆரம்பித்தது அந்தத் தெருவின் நடுவில்தான். தம்பியிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் நாலாவது வீட்டிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

கடைசியாகத் தையல்காரர் வீடு. அவர் மெசினில் இருந்தார். அவர் மனைவி உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. நான் சோர்ந்து போய் நிற்க, தம்பி தானே ஆரம்பித்தார்.

"ஒண்டை எடுங்கோவன், பாவம். கினிப்பன்றி ஒரு கரைச்சலும் தராது."

மெசின் நின்றது.

"என்ன பண்டி?"

"கினிப்பன்றி. உங்கட வீட்டிலயும் ஒண்டு நிக்குதே, அதுதான்."

தையல்காரர் என் பக்கம் திரும்பினார். "கிளாக்கர் காக்கா, இவர் என்ன கதைக்காரு?"

"அது விஞ்ஞானப் பேர்," என்றேன்.

"விஞ்ஞானத்தில இது பண்டியா?"

தம்பிக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. ஏதோ கணக்கு சரிவராததுபோல் பார்த்தார்.

மஃரிப் தொழுகைக்கு முன்னரே எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கூடையில், சாக்கில், கடகத்தில். ஒருவர் கைபடாமல் ஈர்க்குமாற்றுப் பிடியால் தள்ளித் தள்ளியே பெட்டியை வாசலுக்குக் கொண்டு வந்தார்.

"குசினிக்குள்ள நிண்டிச்சு காக்கா, சோறாக்கிற இடத்தில. இனி நான் எத்தின தரம் கழுவ?"

"பிடிங்க உங்கட சீமைச் சாமான," என்றார் கடைக்காரர். "காது சின்னனா இரிக்கிற காரணம் இப்பதான் விளங்குது."

"கூடு இரிக்கா, பூனை இரிக்கா, வெயில் படுமா எண்டெல்லாம் கேட்டாரே. நாங்க அவருட்ட ஒண்டே ஒண்டு கேக்க மறந்திட்டம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

மகள் ஒவ்வொருவர் கையிலிருந்தும் வாங்கி வாங்கிக் கூட்டுக்குள் விட்டாள். அழவில்லை. சனம் கலைந்த பிறகு கேட்டாள்.

"வாப்பா, இதுகள் பண்டியா?"

"இல்ல மகள்."

"அப்ப ஏன் முதல்லயே சொல்லல்ல?"

மௌலவி வந்ததால் நான் தப்பினேன். அவர் கூட்டுக்குள் கையை விட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இது எலிச்சாதி. பேர ஆரும் எப்பிடியும் வைக்கலாம். நாம என்ன இத ஆக்கித் திங்கவா போறம்?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா நீங்க தெரிஞ்சிட்டுத்தானே சொல்லாம இருந்தீங்க?" என்றார்.

"ஓம் ஹஸரத்."

"அதுதான் அவங்களுக்குக் கோபம். வெள்ளிக்கிழமை நான் சொல்லுறன்."

மறுநாள் காலையில் மனைவி சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கிழடுகளையும் கொண்டு வாங்க. இவ்வளவு கிடக்கிற இடத்தில அதுகளும் கிடக்கும்."

கொண்டு வந்திருக்கலாம். ஒரு சைக்கிள், இரண்டு பெட்டி, கொஞ்ச தூரம். ஆனால் அந்தப் பெட்டிகள் விசிலடிக்க விசிலடிக்க, கடையையும் தையல்காரர் வீட்டையும் தாண்டி வர வேண்டும். நேற்றுத்தான் அந்தத் தெரு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

"தளத்திலிருந்து ஒரு சாமானை வெளிய எடுக்கிற எண்டா கேற் பாஸ் வேணும்," என்றேன் அவளிடம். அது உண்மை. கேற் பாஸ் எழுதுகிற மேசை என்னுடையது என்பதும் உண்மை. இரண்டாவதை அவளிடம் சொல்லவில்லை.

தம்பி பாஸ் கேட்டு வரவில்லை. சைக்கிள் கூடையில் அடங்கக்கூடிய மூன்றைச் சாப்பாட்டுப் பைக்குக் கீழே மறைத்துப் பாலையூற்றுக்குக் கொண்டு போய்விட்டார் என்று பிறகு அறிந்தேன். மிச்சத்துக்கு வெள்ளி காலையில் மிருக வைத்தியர் வந்தார். வேலை ஒழுங்காக முடிந்தது. தாள் என் மேசைக்கு வந்தபோது குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அன்று ஜும்ஆவில் மௌலவி சொன்னபடியே பேசினார். என் பெயரைச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாரும் என் முதுகைப் பார்த்தார்கள். மறுநாள் தையல்காரரின் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"எங்கடயத் தாங்க காக்கா."

கூட்டைத் திறந்தேன். திரும்பி வந்தவையும் வீட்டில் நின்றவையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எல்லாம் என் கண்முன்னால் பிறந்தவை. அவளுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. கபில நிறத்தில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன்.

"இது இல்ல."

அவள் குனிந்து நாக்கால் ஒரு சத்தம் செய்தாள். மூலையில் கிடந்த ஒன்று தலையைத் தூக்கி விசிலடித்தது. அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் கூட்டை மூடப்போனேன்.

"அண்டைக்கு நீங்களும் அந்தத் தம்பியும் கேட்டு வந்தீங்களே, கிழடுகள். அதில ஒண்டும் தாங்க, இதுக்குத் துணையா. எடுப்பம் எண்டு சொல்லத்தான் திரைக்கிட்ட வந்து நிண்டன். அதுக்குள்ள கதை வேற பக்கம் போயிட்டு."

"அதுகள் முடிஞ்சிட்டு," என்றேன்.

"ஆரும் எடுத்திட்டாங்களா?"

"இல்ல."

அவள் முந்தானையைக் கொஞ்சம் இறுக்கினாள். நான் அவசரமாகக் கூட்டைக் காட்டினேன்.

"என்னட்ட நிறைய இரிக்கே. விருப்பமானத எடுங்க. குட்டியும் இரிக்கு."

"வேணா காக்கா," என்றாள். "இதுகளுக்கு நீங்க இரிக்கிறீங்கதானே."

குத்திக் காட்டுவதற்காக அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்கு அது வெறும் கணக்கு. வீடில்லாததற்கு வீடு கொடுக்க வந்தாள், வீடுள்ளது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. இந்தக் கணக்கைப் போட எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை என்று சொல்லி நான் தப்ப முடியாது. மனைவி வீட்டிலேயே போட்டுக் காட்டியிருந்தாள்.

அவள் போன பிறகு ஒரு பலகையை எடுத்துக் கூட்டின் நடுவில் வைத்து ஆணி அடித்தேன். மகள் ஒவ்வொன்றாகத் தூக்கித் தர, நான் புரட்டிப் பார்த்துக் கடுவனை ஒரு பக்கமும் பெட்டையை மறுபக்கமும் விட்டேன்.

"இனிக் குட்டி போடாதா வாப்பா?"

"போடாது."

"ஆரும் கேட்டு வந்தா?"

"இல்ல எண்டு சொல்லுங்க."

அவள் ஒரு பெட்டையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். கையில் வாங்கும்போதே கனம் தெரிந்தது. அதற்கு அடுத்ததும் வயிற்றில் குட்டியோடுதான் இருந்தது.