சாமான் ஏற்றும் விமானம்

கனடாவில், ஸ்காபரோவின் ஞாயிறு சந்தையில் ஒரு பழைய புத்தகக் கடையில் நிற்கிறேன். லண்டனிலிருந்து வந்த எனக்கு ஊர் காட்டுபவர் டாக்ஸி ஓட்டும் சிவம் அண்ணை. அவர் கையில் எங்கள் இலங்கைத் தீவின் விமானப்படை வரலாறு, வழுவழுப்பான ஆங்கிலப் புத்தகம். புத்தகத்தின்படி, இந்தப் படையினரைப் போல நல்லவர்கள் உலகத்தில் இல்லை. வெள்ளம் வந்தால் சோறு போடுகிறார்கள், சுதந்திர தினத்தில் பூத் தூவுகிறார்கள், ஓய்ந்த நேரத்தில் பாண்ட் வாத்தியம் வாசிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்ததாக ஒரு வரிகூட இல்லை. வழி தெரியாது போலும்.

ஒரு படத்தில் அண்ணையின் விரல் நிற்கிறது.

"உது நாங்கள் சகடை எண்டு சொல்லுற பிளேன். பீப்பாக்குள்ள குண்டை அடைச்சு மேலயிருந்து உருட்டிவிடுறது."

"சாமான் ஏத்திற விமானம் எண்டு போட்டிருக்கே அண்ணை."

"பொய்யில்லை, ஏத்தினவங்கள்தான். எங்கட வீட்டு முகட்டில இறக்கினதைத்தான் எழுத மறந்திட்டாங்கள். தங்கச்சி உள்ளுக்க இருந்தவள்."

கடைக்காரரிடம் பேனா வாங்கி, படத்தின் கீழே தங்கையின் பெயரையும் வயதையும் ஆங்கிலத்தில் எழுதுகிறார். கடைக்காரர் பதறுகிறார்: எழுதினால் வாங்கியே ஆக வேண்டுமாம்.

"நான் ஏன் வாங்க? எனக்குத் தெரியும்தானே. தெரியாத ஆள் வாங்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை விரித்தபடி புத்தகத்தை முன்வரிசையில் நிமிர்த்தி வைக்கிறார்.