மேல்மாடிக்காரருக்கு ஆறு சாவு

"மனிதர்கள்மேல் இவ்வளவு அன்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று என் அக்காவிடம் வாசகர்கள் கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். அன்பாவது மண்ணாவது. அவள் எழுதிய ஆறு நாவல்களும் அசல் வஞ்சம். அத்தனையையும் தட்டச்சு செய்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அக்கா பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் வருகிற பாலைச் சோதித்து அனுப்பி, கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், சாயங்காலம் வரை அங்கே ஈ காக்கை இருக்காது. அந்த அறையில் உட்கார்ந்து எழுதியதுதான் எல்லாம். வெள்ளம் சூழ்ந்த கிராமத்தில் ஒரு குடும்பம் எப்படி உயிர் பிழைக்கிறது என்பதுதான் ஆறு பாகத்துக்கும் கதை. தானே செய்து பார்க்காத எதையும் எழுத மாட்டாள். நனைந்த விறகைப் பற்றவைக்கிறேன் என்று ஒருமுறை வீட்டையே புகைமூட்டமாக்கிவிட்டாள். இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவில் நின்றோம்.

பாகத்துக்குப் பாகம் ஊர் மாறும், குடும்பம் மாறும். மேல்மாடிக்காரர் மட்டும் மாற மாட்டார். வெள்ளத்தில் கதவைத் தட்டியவர்களை உள்ளே விடாத ஆள் அவர். ஒவ்வொரு பாகத்திலும் ஒவ்வொரு விதமாகச் சாவார். ஒன்றில் மேடு தேடி மாடிக்கு ஏறிய பாம்பு கடித்துச் சாவார். இன்னொன்றில், பதுக்கி வைத்த தானியம் பூசணம் பிடிக்க, அதையே தின்று சாவார். "இந்தத் தடவை எப்படிடி அனுப்பலாம்?" என்று கேட்கும்போது அக்கா முகத்தில் ஒரு களை வரும்.

அந்த ஆள் எங்கள் சித்தப்பா. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது வெள்ளம் வந்தது. ஊரில் மாடி வீடு அவருடையது ஒன்றுதான். அப்பா இல்லாத எங்களை இழுத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் போய் அம்மா அந்தக் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறிக்கொண்டோம். தண்ணீர் வடிவதற்குள் காய்ச்சல் கண்டு, அம்மா எங்கள் மடியிலேயே போய்விட்டாள். துக்கத்துக்கு வந்த சித்தப்பா, "அசந்து தூங்கிட்டேன்" என்று கூசாமல் சொன்னார்.

தான் செய்தது அந்த ஆளுக்கு உறைக்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஊரெல்லாம் படித்தார்கள், படிக்க வேண்டியவர் புத்தகத்தைத் தொடவே இல்லை.

போன வருடம் அவரே வந்து நின்றார். கண் பார்வை போயிருந்தது. சித்தி இறந்துவிட்டாள், மகன்கள் கைகழுவிவிட்டார்கள். நான் வாசலிலேயே மறித்தேன்.

"கதவைச் சாத்துக்கா. அவரு சாத்துன மாதிரியே சாத்து."

"உள்ள வரட்டும்டி. இவருக்காகத்தானே எழுதினேன்?" என்றாள் அக்கா.

அவரால் படிக்க முடியாது என்பதால், மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டின்போது அக்காவே வாசித்துக் காட்டினாள். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டுகிற இடம் வந்தது. மேல்மாடிக்காரர் விளக்கை ஊதி அணைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறார். சித்தப்பாவின் முகம் சிவந்தது. வசமாக மாட்டினார் என்று எனக்கு ஒரே குதூகலம்.

"த்தூ! இவனெல்லாம் ஒரு மனுசனா?" என்றார் சித்தப்பா. "வெள்ளத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவனைச் சும்மா விடாதம்மா."

அது நடிப்பில்லை. தூங்கிவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டிருந்தார். பாம்பு கடித்தபோது தொடையைத் தட்டிச் சிரித்தார். பூசணத் தானியத்துக்கு, "நல்லா வேணும்" என்றார். நாளுக்கு நாள் அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. இத்தனை வருட உழைப்பும் இந்த ஆளுக்குப் பொழுதுபோக்காகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் மேல்மாடிக்காரரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார்.

"இது பத்தாதும்மா. பொசுக்குனு போயிட்டானே. எங்கிட்ட விட்டா இவனைச் சாகவே விட மாட்டேன்."

"வேற என்ன பண்ணுவீங்க சித்தப்பா?"

"யாருக்குக் கதவைத் திறக்கலையோ, அவங்க வாசல்லயே கொண்டுபோய் நிறுத்துவேன். நாதியத்துப் போய், அவங்க கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு உசுரோட கிடக்கணும். அதுதான்மா தண்டனை."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அக்கா புத்தகத்தை மூடிவைத்தாள்.

"அன்னிக்கு உங்க ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சுது சித்தப்பா. நீங்க நடக்குற சத்தமும் கேட்டுச்சு. அம்மா 'தம்பி, தம்பி'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா."

அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எழுந்திருப்பதற்குச் சுவரைத் தேடித் தடவினார். அக்கா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"சாப்பிடுங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம் போடுறேன்."