பிள்ளையார் தலையில் ஏறிய அமலை

சங்கிலிபூதத்தான் பொக்லைன் ஓட்டுகிறவன். தாமிரபரணித் தண்ணீர் பாயும் குளங்களில் எல்லாம் ஆகாயத்தாமரை என்கிற அமலைச்செடியை வாரி வாரிக் கரையில் போட்டவன். போட்டது காய்வதற்குள் பக்கத்துக் குளத்தில் புதிதாகப் பச்சை விரியும். மறுபடி அவனையே கூப்பிடுவார்கள். நல்ல பிழைப்பு என்றுதான் இருந்தான். ஒருநாள் தன் வண்டிச் செயின் இடுக்கில் ஒரு செடி வேரோடு உட்கார்ந்து, டிக்கெட் எடுக்காமல் ஊர் பார்த்து வருவதைக் கண்டான். அன்றிலிருந்து கழுவாத வண்டியை அவன் எந்தக் குளத்திலும் இறக்குவதில்லை.

இப்போது தூர் வார வேண்டியது நாங்குநேரிப் பக்கம் அவன் சொந்த ஊர்க் குளத்தை. அவன் வயல் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். அமலைக்கு அந்தக் குளத்தின் விலாசம் இன்னும் தெரியாது.

கரைப் பிள்ளையார் முன் பொங்கல் அடுப்பு எரிந்தது. ஊர்த்தலைவர் செந்தில்முருகன் சூடத்தட்டோடு நின்றார். பூதத்தானோ குளத்தை விட்டுத் தள்ளி, தார்ச்சாலையோரப் பொட்டலில் வண்டிமேல் டேங்கர் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

“ஏலே, நல்ல நேரம் போவுது. கொளத்துல எறக்கிக் கழுவுனா என்னலே?”

“கழுவாம எறக்கக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி இங்கன கழுவுதேன்.”

“ஒன் வண்டி என்ன, பொண்ணு பாக்கவா போவுது?”

கம்பியால் நோண்டியதில் கடைசியாக ஒரு செடி வந்தது. வேரோடு, ஊதாப்பூவோடு. கொதிக்கும் தார்ச்சாலையில் அதைக் காயப்போட்டுவிட்டுக் குழாயைச் சுருட்டப் போனான். திரும்பி வந்தால் செடியைக் காணோம்.

அது ஒன்று போதும். ஒரே மழைக்காலத்தில் குளத்தைப் பாய் விரித்து மூடிவிடும்.

“மதினி, இங்கன கெடந்த செடி எங்க?”

அண்ணன் மனைவி மாரித்தாயின் முகமெல்லாம் பக்தி. “பூ அம்புட்டு அழகு, கொழுந்தனாரே. பிள்ளையாருக்கு வச்சிட்டேன்.”

பிள்ளையார் தலை வெறுமையாக இருந்தது. அபிஷேகத்துக்காகப் பூசாரி பூவையெல்லாம் களைந்து கூடையில் அள்ளியிருந்தார். கூடை அவர் இடுப்பில். அவர் குளத்துப் படிக்கட்டில். சாமி பூவைக் கால்படாத தண்ணீரில்தானே போட வேண்டும்?

பூதத்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். கூடையைப் பிடித்து இழுத்தான்.

“சாமி பூவப் புடுங்குதியேலே! கண்ணு அவிஞ்சிரும்!”

“அவியட்டும் வே. கொளம் பொழைக்கட்டும்.”

படியில் கவிழ்த்துக் கிளறினான். செவந்திக்கும் அரளிக்கும் அடியில், வேர்கூடக் குலையாமல் சொகுசாகப் படுத்திருந்தது. அள்ளிக்கொண்டுபோய்ப் பொங்கல் அடுப்பில் திணித்தான். சீறியது, புகைந்தது, கருகியது. அப்புறம்தான் அவனுக்கு மூச்சே வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“ராகுகாலம் வந்துட்டுலே,” என்றார் செந்தில்முருகன்.

“வரட்டும் அண்ணாச்சி. அது மழை பெஞ்சாப் பெருகாது.”

தூர் வாரிய குளம் கார்த்திகையில் நிறைந்தது. பூதத்தான் கரையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான். அல்லி இருந்தது, பாசி இருந்தது, துறையில் செந்தில்முருகன் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்த புதுக்கார் இருந்தது. அமலை இல்லை. வயலுக்கு மடை திறக்கப் போனான்.