நாணயத்தில் சிரிக்கும் முகம்

மொன்றியல் அருங்காட்சியகம். கண்ணாடிக்குள் பழைய கிரேக்க வெள்ளி நாணயம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஆந்தை, மறுபக்கம் பெண் தெய்வம். தொட்டுப் பார்ப்பதற்காக அதன் பெரிய பிரதியை வெளியே வைத்திருக்கிறார்கள். பக்கத்து நகரமான லவாலிலிருந்து மனைவியுடன் வந்திருக்கும் பார்வையற்ற பெரியவர் அதைத் தடவ, பக்கத்தில் நின்று நான் விவரம் சொல்கிறேன்.

"ஆந்தையைக் காசிலை போட்டிருக்கினமோ!" என்கிறார். மறுபக்கம் தடவும் விரல் உதட்டோரத்தில் நிற்கிறது. "தம்பி, இவ சிரிக்கிறாவோ?"

கண்ணாடியருகே குனிந்து பார்க்கிறேன். "ஆமாங்க, லேசா."

"கலியாணத்துக்கு முந்தியே எனக்குப் பார்வை போச்சுது. என்ர மனிசியும் இப்பிடியோ சிரிக்கிறவ?"

நான் திரும்புகிறேன். அந்த அம்மா அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கி, எனக்காகச் சிரித்துக் காட்டுகிறார்.

"இவங்க இன்னும் நல்லாச் சிரிக்கிறாங்க, ஐயா."

"பல்லுத் தெரியுதோ?" என்று அவர் ஆவலாகக் கேட்கிறார்.